இடது ஓரத்துச் சிவப்புக் கோடு

இதை எழுதச் சொல்லி என் வீட்டுக்காரர் கேட்டு ஐந்தாறு வருசம் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், என்னத்தை எழுதுவது என்று தயங்கினேன். புத்தி பேதலித்தவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம் அதைவிடப் பெரிது. போன மாதம் மாதா கோயிலில் ஒரு தாய், தன் புருசன் சாப்பாட்டுக் கோப்பையில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு "சோறு முடிஞ்சுது" என்கிறார் என்று சொல்லி அழுதா. அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. ஆண்டவர் துணையோடு எழுதுகிறேன்.

மகள் கட்டாரிலிருந்து வந்தபோது ஒரு வெட்டும் மெசின் கொண்டுவந்து தந்தாள். போனில் கீறிக் கொடுக்கிற உருவத்தைத் தாளிலோ ஸ்டிக்கரிலோ அதுவே வெட்டும். பசைப் பாயில் தாளை ஒட்டி உள்ளே விட்டால் கிர்ர் கிர்ர் என்று முன்னும் பின்னும் ஓடும். அந்தச் சத்தம் இன்னும் காதுக்கு இனிக்கிறது. மேசையை யன்னலோரம் போட்டிருந்தேன், இடப்பக்கம் வாவி. பின்னேரக் காற்று, வெட்டிய தாள் நட்சத்திரங்களை வீடெல்லாம் பறக்கவிடும். தோணி எஞ்சின் திருத்திவிட்டு வரும் வீட்டுக்காரரின் தலையில் இரண்டு மூன்று ஒட்டிக்கொள்ளும்.

"சம்மனசு வந்திரிக்கு. சோறு போடு கா" என்று தன்னையே வானதூதர் ஆக்கிக்கொள்வார்.

அந்த வருசம் கோயிலில் முதல்நன்மை (முதன்முதலாக நற்கருணை) வாங்கும் பிள்ளைகளின் மெழுகுதிரிகளில் ஒட்டப் பெயர்கள் வெட்டினேன். மெசின் எழுத்தை வெட்டித் தரும். சுற்றியுள்ள மிச்சத்தை நாம்தான் கொக்கி ஊசியால் கிளப்பி உரிக்க வேண்டும். அன்று காலை உரித்துப் பார்த்தால் பாதிப் பெயர்களைக் காணவில்லை.

"மெசின் பழுதாப் போச்சுங்க. வலப்பக்கம் மட்டும்தான் வெட்டுது."

எஞ்சின்காரர் அல்லவா, என் பேச்சை நம்பிக் கழற்றத் தொடங்கினார். பழைய பிளேட்டை எடுத்துப் புதிதைப் போட்டார். மறுபடியும் வெட்டினோம், மறுபடியும் உரித்தேன். அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எல்லாம் வெட்டித்தானே கிடக்கு. நீதான் இந்தப் பக்கம் உரிக்கல்ல. அரைவாசிப் பிள்ளையளுக்கு நன்மை குடுக்க மனமில்லயா கா?"

"பகிடி விடாதீங்க. அங்க ஒண்டுமில்ல."

அவர் சிரிக்கவில்லை. என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையிலிருந்த தேத்தண்ணி முழுவதும் மடியில் ஊற்றுண்டு கிடந்தது. சூடுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆசுபத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடுவது) என்றார்கள். இளம் டொக்டர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, உங்கட கண்ணில பிழையில்ல. இடப்பக்கம் ஒண்டு இருக்கு எண்டத மூளை மறந்திட்டுது. இத இடப்புறக் கவனமின்மை எண்டு சொல்லுவம்." இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றும் சொன்னார். அந்தக் காலை நேரத்தை நாங்கள் மெசினைத் திருத்துவதில் விட்டிருந்தோம். வாசிக்கிறவர்களே, இதற்காகத்தான் எழுதுகிறேன்: பாதியைக் காணவில்லை என்று ஒருவர் சொன்னால் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வீடு திரும்பியபோது யன்னலில் வாவி இல்லை. ஞாயிறு பூசையில் எனக்குப் பெரும் கோபம் வந்தது. "மாதா சுரூபத்த ஏன் எடுத்தாங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் என் நாடியைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

"கிறுகிப் பார் கா. அவ அங்கதானே நிக்கிறா."

பீடத்தின் இடப்பக்கம் கைகளை விரித்தபடி நின்றா. நான் காணாத நேரமெல்லாம் அவ என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறா. அழுகையை அடக்க முடியவில்லை.

ஆசுபத்திரியில் எனக்குப் பயிற்சி தந்த பிள்ளை ஒரு வழி சொன்னா: எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்புக் கோடு ஒன்று வையுங்கள், கோடு தெரியும்வரை தலையைத் திருப்பி, அங்கிருந்து தொடங்குங்கள். மெசினில் வெட்டிப் பழகாத வீட்டுக்காரர் சிவப்பு ஸ்டிக்கர் வெட்ட உட்கார்ந்தார். பிளேட்டை ஆழமாக வைத்துப் பாயையும் சேர்த்துக் கிழித்தார். "எஞ்சினுக்குக்கூட இவ்வளவு கோவம் வராது" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு நான் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சாப்பாட்டுக் கோப்பை, கதவுநிலை, செபப் புத்தகம், கிழிந்த பாய், எல்லாவற்றிலும் கோணல்மாணலாய்ச் சிவப்புக் கோடுகள். அந்த நாட்களையும் இப்போது ஆசையோடுதான் நினைக்கிறேன். அடுத்த வருசத்து மெழுகுதிரிப் பெயர்களை நானே உரித்தேன். ஒரு பிள்ளையும் விடுபடவில்லை.

இடது கை இன்னும் வேற்றூர் ஆள் போலத்தான், கூப்பிட்டால்தான் வரும். முன்பு மெசினோடு போட்டிபோட்டு ஓடினேன். இப்போது அது வெட்டி ஓய்ந்த பிறகும் நான் ஒவ்வோர் எழுத்தாக உரித்துக்கொண்டிருப்பேன். காலையில் எழும்பியதும் முதலில் இடப்பக்கம் கிறுகி வாவியைத் தேடுவேன். கண்டதும் சிலுவை போட்டுக்கொள்வேன்.

இதை இப்படி ஒரு நோயாளி இருக்கிற வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு மட்டும் போட்டுக் கொடுங்கள்.