தொடாதீங்க மாமி

கரண்டு என்றால் எனக்குப் பயம். அப்படிப்பட்ட என் தலையில்தான் எங்கள் குடியிருப்பின் டிஷ் வேலை வந்து விழுந்தது. ஸ்கூலில் பிசிக்ஸ் எடுக்கிறேன், அதுதான் நான் செய்த பாவம். பிசிக்ஸ் டீச்சருக்கு ஒயரைப் பார்த்தால் கை பரபரக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் கை நடுங்கத்தான் செய்யும்.

ஸ்ரீரங்கத்தில் நாலே வீடுகள் உள்ள சின்னக் கட்டடம் எங்களுடையது. வீட்டுக்கு இரண்டு டிஷ் என்று மொட்டை மாடி அடைந்துபோனதால், பொதுவில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றிவிட்டோம். இரண்டும் வெவ்வேறு சாட்டிலைட்டைப் பார்ப்பவை. அவற்றின் ஒயர்கள் மொட்டை மாடியில் படிக்கட்டு அறைச் சுவரில் மாட்டிய தகரச் சுவிட்ச் பெட்டிக்குள் போகும். அங்கிருந்து வீட்டுக்கொரு ஒயர். யார் எந்தச் சானல் வைத்தாலும் அதற்குரிய டிஷ்ஷுக்குப் பெட்டியே மாற்றிவிடும். வசதிதான். ஆனால் நாலு வீட்டு ஒயரும் அந்தத் தகரத்தில்தான் ஒன்று சேருகின்றன. ஒரு வீட்டில் கரண்டு கசிந்தால் பெட்டிக்கு வரும், டிஷ்ஷுக்கும் போகும். இதை நினைத்தே எனக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. எர்த் போடச் சொன்னேன். "போடலாம் டீச்சர், போடலாம்" என்றார்கள்.

எதிர் வீட்டு மாமி காலையில் தீர்த்தமாடிவிட்டு மடித்துணி உலர்த்த மாடிக்கு வருவார். குளிப்பதை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். மடி என்றால் அந்தத் துணியையும் அவரையும் யாரும் தொடக்கூடாது. மற்றவர்கள் கை படும் கொடி ஆகாதென்று, யாரையும் கேட்காமல் ஒரு டிஷ் கம்பத்திலிருந்து மற்றதற்கு இரும்புக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"டிஷ்ஷை யார் தொடப் போறா? அதைவிட மடியான இடம் ஏது?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மாடிக்குச் செருப்போடு வரக்கூடாது என்று வேறு உத்தரவு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் உப்பிலியபுரத்திலிருந்து தங்கள் பழைய செட்டாப் பாக்ஸைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்கான ஒயரை நான் முன்பே பெட்டியில் இணைத்து வைத்திருந்தேன். அவர்கள் பாக்ஸை ஆன் செய்ததும் எங்கள் வீட்டுப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. என்னவென்று பார்க்க மாடிக்கு ஓடினேன். வழக்கம்போல் செருப்பைப் படியிலேயே விட்டேன். பெட்டியைத் திறக்கக் கை வைத்ததும் தோள்வரை சுரீரென்று அடித்துத் தள்ளியது.

கையோடு கொண்டுவந்திருந்த டெஸ்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. கீழ் வீட்டு பாக்ஸிலிருந்து கரண்டு ஏறி வருகிறது. அப்படியானால் டிஷ்ஷிலும் இருக்கிறது, மாமியின் கம்பியிலும் இருக்கிறது. திரும்பினேன்.

மாமி ஈரக் காலோடு நின்று, நனைந்த ஒன்பது கஜப் புடவையை நீள மூங்கில் கோலால் கம்பிமேல் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் காய்ந்த மூங்கில்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் போட்டு முடித்ததும் கோலை வைத்துவிட்டு, தொங்கும் நுனியைக் கையால் பிடித்துச் சுருக்கம் போக இழுத்துவிடுவார். தினமும் பார்த்திருக்கிறேன்.

கரண்டு என்ற சொல் வாயில் வரவே இல்லை.

"தொடாதீங்க மாமி! தொடாதீங்க!"

மாமி சிரித்தார். "நன்னாருக்கு போ! மடியா இருக்கறவ நான். நான் சொல்ல வேண்டியதை நீ சொல்றயா?" கோலைச் சுவரில் சாத்தினார்.

மெயின் சுவிட்ச் தரைத்தளத்தில் இருக்கிறது. நான் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவரைக் கரண்டு பிடித்துக்கொண்ட பிறகு தொட்டு இழுத்தால் நானும் போய்விடுவேன். அவர் கை புடவையை நோக்கி நீண்டது. செத்துவிடப் போகிறார், என் கண்முன்னால் செத்துவிடப் போகிறார் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

எப்படித் தோன்றியதோ, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரை நோக்கி ஓடினேன்.

"உங்களைத் தொடப் போறேன் மாமி! தொட்டுருவேன்!"

"ஐயையோ, கிட்ட வராதே! தொட்டுடாதேடி!" மாமி புடவையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். நான் விடவில்லை. கம்பியைவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மூலைவரை துரத்தினேன். "பைத்தியம் பிடிச்சுடுத்தா உனக்கு?" என்று கத்தினார். அங்கே அவரை மறித்து நின்றபடியே கணவருக்குப் போன் போட்டு, மெயினை அணைக்கச் சொன்னேன். அப்போதுதான் எனக்குக் குரல் திரும்பியது.

"கரண்டு மாமி. கம்பி பூரா கரண்டு ஏறியிருக்கு."

மாமி கம்பியைப் பார்த்தார். புடவை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ரங்கா" என்று ஒருமுறை சொன்னார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அணைத்தாயிற்று என்று கீழிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாமி, நீங்க மடி..." என்றேன்.

"இருக்கட்டும். இன்னொரு தரம் தீர்த்தமாடிக்கறேன்" என்றார் மாமி. "செத்த நாழி கையை விட்டுடாதே."