சுக்கானுக்கு நீண்ட கை

தொண்டியிலிருந்து தேவிபட்டினத்துக்குப் பேருந்தில் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகாது. நாங்கள் காலையில் கிளம்பிச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். போனது பாய்மரப் படகில்.

என்னோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் தோழி தொண்டிக்காரி. அவள் அண்ணன் தேவிபட்டினத்து மாமனார் வீட்டுக்குத் தன் படகிலேயே போகப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், அவளோடு நானும் அப்பாவும் கூட வரலாமா என்று கேட்டேன். எங்கள் ஊர் மானகிரிக்குப் பக்கம். அப்பா அங்கே நீர்ப்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறந்து, வரப்பு வரப்பாக நடந்து, ஊர் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிறவர். அறுபது வயதை நெருங்கும் மனிதர் கடலைக் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறார். அது போன தை மாதம். அறுப்பு முடிந்து மடைக்கு வேலையில்லாத நேரம்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரசுத் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவளும் நான்தான். அப்பாவைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவளும் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே வங்கியில் அப்பாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் என் பொறுப்பு. ரேஷன் கடையில், தாலுகா அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில், யார் எது கேட்டாலும் அப்பா முகத்தை என் பக்கம் திருப்புவார். "பாப்பாவக் கேளுங்க" என்பார். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டாலும் நான்தான் சொல்வேன். எங்களுக்கு அது விசித்திரமாகப் பட்டதே இல்லை.

வாடைக்காற்று முதுகுப்பக்கமிருந்து வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தோழியின் அண்ணன் பாயை விரித்தார். அதுவரை காதை அடைத்த சத்தம் நின்று, பலகையில் தண்ணீர் உரசுவது மட்டும் கேட்டது. அப்பா கையை விட்டு அளைந்தார், விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார், தனக்குள் சிரித்துக்கொண்டார். காரங்காட்டுப் பக்கம் அலையாத்தி மரங்களுக்கு அருகில் நங்கூரம் போட்டு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். மறுபடி கிளம்பியதும் அப்பா எழுந்துபோய்ப் பின்பக்கம், படகைத் திருப்பும் சுக்கான் கட்டையைப் பிடித்திருந்த தோழியின் அண்ணனுக்கு அருகில் உட்கார்ந்தார். அவர் எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் போகிறது என்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மடையில் பலகையை ஏற்றி இறக்கும்போதும் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

தோழியின் அண்ணன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ஐயா, செத்த நேரம் பிடிக்கிறீகளா?" என்று கேட்டார்.

"வேண்டாண்ணே, அப்பாவுக்கு அதெல்லாம் பழக்கமில்ல" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி வந்தது, பதில் சொன்னேன். அப்பா சிரித்தபடி வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். தோழி மட்டும் விடவில்லை. "எங்கண்ணன் ஒங்கப்பாவையில்லடி கேட்டுச்சு. ஆபீஸ்ல போடுற கையெழுத்து பத்தாதுன்னு கடல்லயும் அவருக்கும் சேத்துப் போடுறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அதன் பிறகு எழுந்துவந்து பாயின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். வெயிலில் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

திரும்பும்போது பேருந்தில் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"காத்து அங்குட்டுத் தள்ளுது, படகு இங்குட்டுத் திரும்புது. அந்தக் கட்டைய இழுக்குறப்ப கைக்கு எம்புட்டுக் கனம் தெரியும் பாப்பா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. செல்போனில் ஒரு வீடியோ தேடிக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். "ம்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்துத் தோழி படகில் எடுத்த படங்களை அனுப்பினாள். ஒன்றில் நான் வாய் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் வலது கை சுக்கானை நோக்கிப் பாதி தூரம் நீண்டிருக்கிறது. முகம் என் பக்கம் திரும்பவில்லை. எத்தனையோ வருடங்களில் முதல்முறையாக, ஒரு கேள்விக்கு அவர் என்னைப் பார்க்கவில்லை. தானே பதில் சொல்ல இருந்தார். அந்தப் படத்தை இன்னும் அவருக்குக் காட்டவில்லை.

இந்தத் தை மாதம் தோழியிடம் நானே கேட்டு மறுபடி ஏற்பாடு செய்தேன். அவள் அண்ணன் அப்பாவிடமே பேசட்டும் என்று சொல்லியிருந்தேன். போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டு அப்பா முன்னால் வைத்தேன்.

"ஐயா, இந்தத் தடவ நீங்கதான் சுக்கான் பிடிக்கிறீக. வாரீகளா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே தலை குனிந்து, சும்மா இருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார். போனில் காற்று இரைந்தது. நான் பேசப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இல்ல தம்பி, நமக்கு அதெல்லாம் பழக்கமில்ல."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.