கத்தரிச் செடிக்கு அரை டிக்கெட்

டீச்சர் வேலை கற்றுக்கொள்ளப் போகிறவள் பையில் புத்தகம் இருக்கும் என்று நினைப்பீர்கள். என் பையில் மண்தான் இருந்தது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் நான் கடைசி வருஷம். செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில், நாலாம் வகுப்புக்குத் தாவரங்கள் பாடம் நடத்திப் பழகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசி வகுப்பை எங்கள் விரிவுரையாளர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவர் ‘சரியில்லை’ என்று சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து. என் நாலு வயது மகள் தேனு, பயிற்சி முடிகிற வரைக்கும் தொண்டூரில் என் அம்மா வீட்டில் இருந்தாள். சனி, ஞாயிறுதான் அவளைக் கண்ணால் பார்ப்பேன். இன்னும் ஒரு வருஷம் போனால் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். பிள்ளையை விட்டுவிட்டுப் படிக்கவோ வேலைக்கோ போன எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஒரு பூ

ஆணிவேர், சல்லிவேர் காட்டுவதற்காக ஒரு கத்தரிச் செடியும் ஒரு கேழ்வரகுப் பயிரும் வேரோடு பிடுங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். கத்தரிச் செடியில் பூ வேறு இருந்தது. வேர் உடையாமல் இருக்கப் பிள்ளையைப் பிடிப்பது போல மடியில் பிடித்திருந்தேன். கண்டக்டர் அண்ணன் எனக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மடியைப் பார்த்தார். “பொம்பளைங்களுக்குத்தாம்மா ஃப்ரீ. இந்தச் செடி ஆம்பளையா, பொம்பளையா?”

பஸ்ஸே சிரித்தது. கேள்வி பாடத்திலிருந்து வந்துவிட்டதே, விடலாமா? “ரெண்டும்தாண்ணா. ஒரே பூவுல மகரந்தமும் இருக்குது, சூலகமும் இருக்குது, இங்க பாருங்க” என்று பூவை நீட்டினேன். அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து, ரொம்பப் பொறுப்பாகச் சொன்னார்:

“அப்போ அதுக்கு அரை டிக்கெட் எடு.”

முளைத்த பாடம்

விதை முளைப்பதைக் காட்டப் பச்சைப்பயறை ஊறவைத்து, ஈரத் துணியில் மூட்டை கட்டி, எலி இழுத்துப் போகாமல் இருக்கச் சத்துணவுக் கூடத்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, “முளை எந்தப் பக்கம் வந்திருக்குதுன்னு கவனமா பார்க்கணும்” என்று பெரிய பீடிகை போட்டுவிட்டு அலமாரியைத் திறந்தேன். அலமாரி காலி, துணி மட்டும் வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

மத்தியானம் தட்டில் சுண்டல் விழுந்தது. வால் வாலாக முளையோடு இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு பயறாக எடுத்து முளை எந்தப் பக்கம் என்று கவனமாகப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்கள். அந்த வகையில் பாடம் நடந்தது. நான் சமையல் அக்காவைப் பார்த்தேன். கரண்டியை வைத்துவிட்டு அவரே சமாதானத்துக்கு வந்தார்:

“உன் பாடம் நல்லாத்தான் வெந்துச்சு டீச்சர், உப்புதான் கொஞ்சம் கம்மி.”

வெயில் அடுப்பு

“இலைதான் செடிக்குச் சமையலறை, வெயில்தான் அடுப்பு. செடி தன் சாப்பாட்டைத் தானே செஞ்சிக்கும்” என்று சொன்னேன். நன்றாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். “ராத்திரி வெயில் இருக்காதே மிஸ், பட்டினியா?” என்று ஒரு குரல். பகலில் செய்து வைத்ததை எடுத்துக்கொள்ளும் என்றேன். “பழைய சோறா மிஸ்? வெங்காயம் கடிச்சிக்குமா?” என்று இன்னொரு குரல். அன்று அதற்குமேல் ஒளிச்சேர்க்கை நகரவில்லை.

அதே சூட்டோடு வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். தேனுவும் அந்த வாரம் வரவில்லை, அவளுக்குச் சளி. எங்கள் வீட்டுக்காரர், பைக் பட்டறை வைத்திருப்பவர், சோறு ஆச்சா என்றார். “ஒரு செடி தன் சாப்பாட்டைத் தானே செஞ்சிக்குது, உங்களுக்கு என்ன?” என்றேன். மனுஷன் சட்டென்று எழுந்தார். வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் கொளுத்துகிற வெயிலில் ரெண்டு கையையும் இலை மாதிரி விரித்துக்கொண்டு நிற்கிறார்.

“எவ்ளோ நேரமா நிக்கிறேன், இன்னும் ஒண்ணும் வேகல.”

புத்தகத்துப் பேர்

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். நானும் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்து வளர்ந்தவள்தான். ஆனால் வகுப்பாசிரியை முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்: “உங்க விரிவுரையாளர் தெற்கத்திக்காரர். அவர் முன்னாடி மல்லாட்டை கில்லாட்டைன்னு சொல்லி மாட்டிக்காதே. புத்தகத்துல இருக்கற பேரையே சொல்லிக் குடு.”

அதனால் “வேர்க்கடலை” என்றேன். வகுப்பு முழித்தது. படம் வரைந்தேன். அப்போதும் முழித்தது. என் படம் அந்த லட்சணம். கடைசியில், “அதாண்டி, மல்லாட்டை” என்று மெதுவாகச் சொன்னேன். முன் வரிசை கோமதி, நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண், நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“மல்லாட்டையா! அத சொல்லாம ஏன் மிஸ் பயமுறுத்துறீங்க?”

அதற்கப்புறம் தினமும் காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் எல்லாரையும் “வேர்க்கடலை, வேர்க்கடலை” என்று சொல்ல வைத்தேன். அந்த மந்திரம் எனக்கே வினையாக வரப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

கோட்டையிலிருந்து வந்த விருந்தாளி

அந்தக் கடைசி வகுப்பு. தலைப்பு, நாம் உண்ணும் வேர்கள். செஞ்சி மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்த கேரட், முள்ளங்கி, பீட்ரூட் மூன்றையும் கழுவித் தட்டில் அடுக்கி ஜன்னலோரம் வைத்தேன். கோட்டைப் பக்கத்துப் பள்ளியில் ஜன்னலோரம் எதையாவது வைக்கிறவளை என்னவென்று சொல்வது? குரங்கு வந்தது. கேரட்டை எடுத்துப் போனது. திரும்பி வந்து முள்ளங்கியை எடுத்தது. பீட்ரூட்டைக் கடித்துப் பார்த்துப் பிடிக்காமல் துப்பிவிட்டு, சிவந்த வாயோடு மதில்மேல் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து விரிவுரையாளர் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

கடித்த பீட்ரூட் ஒன்றை வைத்துக்கொண்டே எப்படியோ ஓட்டினேன். முடிக்கிற நேரத்தில் அவர் எழுந்தார். “பிள்ளைங்களா, வேர்க்கடலை வேரா, காயா?” வகுப்பு என்னைப் பார்த்தது. கோமதி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்:

“சார், வேர்க்கடலைன்னா வேரு. மல்லாட்டைன்னா காயி.”

பாஸா, ஃபெயிலா

விரிவுரையாளர் பேனா மூடியைக் கழற்றினார். எனக்குத் தேனு முகம்தான் வந்தது. பாடக்குறிப்பை மேஜையில் போட்டேன். கோமதி அவள் வீட்டுக் கொல்லியிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து, பிடுங்கி வந்து கொடுத்து, என் பைக்குள் இருந்ததால் குரங்குக்குத் தப்பிய மல்லாட்டைச் செடியைத் தூக்கிப் பிடித்தேன். “இது இன்னாடி?” என்று கேட்டேன். புத்தகத் தமிழ் போன இடம் தெரியவில்லை.

“மல்லாட்டை!” என்றது வகுப்பு. பூ எங்கே? “தண்டுல!” அப்புறம்? “பூ உதுந்து ஊசி எறங்கும் மிஸ்! மண்ணுக்குள்ள போயி அது முனையில காய் கட்டும்!” வேர் எது? கோமதி ஓடி வந்து வேரைத் தனியாகப் பிரித்துக் காட்டினாள். அதில் ஒரு காய்கூடத் தொங்கவில்லை. கரும்பலகையில் ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். “ரெண்டும் ஒண்ணுதான். அப்போ வேர்க்கடலை?” “காயி!” என்ற சத்தத்தில் மதில்மேல் இருந்த குரங்கு இறங்கி ஓடியது.

கோமதி மட்டும் விடவில்லை. “அப்போ அதுக்கு ஏன் சார் வேருன்னு பேர் வெச்சாங்க? மாத்தச் சொல்லுங்க” என்றாள். விரிவுரையாளர் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“பேரை மாத்துற அதிகாரம் எனக்கு இல்லம்மா, உங்க டீச்சருக்கு பாஸ் போடுற அதிகாரம்தான் இருக்கு.”

திரும்பி வரும் பஸ்

சனிக்கிழமையே தொண்டூருக்கு ஓடினேன். மகள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ அங்கே இருக்கிற ஆட்டுக்குட்டியை விட்டு வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அலற அலறத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், அதே கண்டக்டர் அண்ணன். டிக்கெட்டைக் கிழித்தபடியே என் மடியைப் பார்த்தார்.

“இத எங்கம்மா வேரோட புடுங்கிட்டு வர்ற?”

வேரைக் காட்டச் செடியைப் பிடுங்க வேண்டும் என்றுதான் என் பாடக்குறிப்பில் இருந்தது. நாலாம் வகுப்பு என்னையே பிடுங்கி, உதறிப் பார்த்து, நல்லவேளையாகத் திரும்ப நட்டும் வைத்தது.