லூர்து பெயர் அடித்த தகடு

என் மேசைமேல் நான்கு ஆணிகள் கிடக்கின்றன. "கண்ட குப்பையெல்லாம் வூட்டுக்குள்ள கொண்டாந்து வெக்காத" என்று மனைவி இரண்டு முறை சொல்லிவிட்டாள். குப்பைதான். ஒவ்வொன்றும் நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. உருண்டைத் தலை, அதில் திருப்புளி வைக்கக் கோடு கிடையாது. உடம்பில் மட்டும் முறுக்கு இருக்கும். சுத்தியால் அடித்தால் தானே திருகிக்கொண்டு இறங்கும். மெஷின்களில் கம்பெனி பெயரும் கெப்பாசிட்டியும் எழுதிய தகடு ஒன்று இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அதை எவனும் கழற்றி வேறு மெஷினில் மாட்டிவிடக் கூடாது என்றுதான் இந்த ஆணி.

நேற்று ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அறுபது தாண்டியவன் செய்கிற வேலையா இது? ஆனால் அந்தப் பழைய கிரீஸ் வாடை மூக்கில் ஏறியதும் திருவொற்றியூர்ப் பட்டறை வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மீன் குழம்புச் சோற்றில் பித்தளை ருசிக்கும். பழுது பார்த்த மெஷின்களுக்குத் தகடு அடிப்பது என் வேலை. எழுத்து அச்சை வைத்து ஒரே அடி அடிப்பேன், எழுத்து ஒரு நூல் கோணாது. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். எந்த மெஷின் எவனைக் கடித்ததோ, அதற்கு அவன் பெயர். சாக்பீஸில் எழுதுவார்கள். "சேகரு இன்னிக்கு ரொம்ப சத்தம் போட்றான், எண்ணெ வுடு" என்பார்கள். சேகர் என்பது கடைசல் மெஷின். அசல் சேகர் பக்கத்திலேயே கட்டை விரலில்லாமல் நின்று சிரித்துக்கொண்டிருப்பான். ஒரு வாரத்தில் சாக்பீஸ் அழிந்துவிடும், கிண்டலும் அதோடு போய்விடும்.

ராயபுரத்து லூர்துவின் வலது கையில் மூன்று விரல்களைப் பெரிய பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. நான்கு மாதம் கழித்து வந்தான். வேறு வேலை கேட்டும் கிடைக்கவில்லை, அதே பிரஸ்ஸில் இடது கையால் ஓட்டச் சொன்னார்கள். அவன் வருவதற்குள் நான் சாக்பீஸைப் பித்தளை ஆக்கிவைத்திருந்தேன். லூர்து என்று இங்கிலீஷில் ஆறு எழுத்து. அதன் கீழே, அசல் தகட்டில் இருப்பதுபோலவே, கெப்பாசிட்டி 3. சக்கரத்தின் இரும்பு மூடியில் நான்கு ஆணி. பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லூர்துவும் சிரித்தான், வேறென்ன செய்வான்? உழைத்துக் களைத்த மனிதர்கள், விளையாட்டாகச் செய்தோம் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். பொய். அது எங்களுக்கு இனித்தது.

இரண்டு நாள் பொறுத்து என்னிடம் தனியாக வந்தான்.

"கயட்டிக் குடு மாமு. தெனம் அத்த பாத்துகினேவா வேல செய்றது?"

"அது கயலாது மாமு. அந்த ஆணி அப்டி."

கழலும். துளையை மூடியின் மறுபக்கம் வரை போட்டவன் நான். மூடியைத் திறந்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் ஒரு கம்பியை வைத்து இரண்டு தட்டு தட்டினால் வெளியே விழும். லூர்துவுக்கு அது தெரியாது. முன்பக்கமாகவே, இடது கையில் திருப்புளியைப் பிடித்து, ஒரு வருஷம் சாப்பாட்டு நேரத்தில் நோண்டினான். தகட்டில் கீறல் விழுந்ததே தவிர ஆணி அசையவில்லை. இன்றைக்கு ஆணி எவ்வளவு வெளியே வந்தது என்று போகிறவன் வருகிறவனெல்லாம் விசாரிப்பான். நானும் விசாரித்திருக்கிறேன்.

அந்த வருஷம் முடிகிற சமயத்தில் வந்த ஆயுத பூஜைக்கு லூர்து தன் மகள் ஸ்டெல்லாவை அழைத்து வந்தான். மாதா கோயில் குடும்பமானாலும் பொரிக்கும் சுண்டலுக்கும் எல்லோர் பிள்ளைகளும் வருவார்கள். ஏழு வயசு. சந்தனம் வைத்த பிரஸ்முன் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"எங்க நைனா பேரு" என்றாள், பட்டறைக்கே கேட்கும்படி. பிறகு அந்த மூணு என்ன என்று கேட்டாள்.

"மூணாம் நம்பர் மிஷின்மா" என்றான் லூர்து. "எல்லாருக்கும் இப்டி பேரு போட மாட்டாங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வந்ததும் வெட்கம் தாங்காமல் கம்பியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு பிரஸ்ஸிடம் போனேன். லூர்து நான் கொண்டுவந்ததைக்கூடப் பார்க்கவில்லை. மீதமிருந்த இரண்டு விரலால் தகட்டை மூடிக்கொண்டான்.

"வாணாம். பாப்பா பாத்துட்சி."

எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. என் பொய் பிழைத்துக்கொண்டது பாருங்கள். அதன்பின் வருஷா வருஷம் ஸ்டெல்லா வந்து தன் கையால் அந்தத் தகட்டுக்குக் குங்குமம் வைத்தாள். பட்டறையை மூடும்வரை வைத்தாள்.

போன வாரம் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். லூர்துவை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்த பிரஸ் மணலிப் பக்கம் ஒரு காயலான் கடையில் கிடக்கிறதாம். தகட்டைக் கழற்றித் தர வேண்டும், அடித்தவர் நீங்கள்தானாமே என்றாள். அப்பா நினைவாகக் கேட்கிறாள் என்று, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுக்க எலுமிச்சம்பழமும், சுற்றித் தர வெள்ளைத் துணியும் கொண்டுபோனேன். என் அறிவு அவ்வளவுதான்.

மூடியைத் திறந்து பின்னாலிருந்து தட்டினேன். ஆணிக்கு இரண்டு தட்டு. நான்கும் விழுந்தன.

"அவ்ளோதானா அங்கிள்?" என்றாள்.

நான் துணியில் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆறாவது படிக்கும்போதே கெப்பாசிட்டின்னா இன்னான்னு டிக்சனரில பாத்துட்டேன். நைனாகிட்ட சொல்லல. நான் நம்பிகினு கீறேன்னு நெனச்சிகினே போயிட்டாரு."

தகட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு இன்னாத்துக்கு? நீங்க எழுதினதுதானே. உங்க வூட்ல மாட்டுங்க."

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிரஸ்ஸை நாங்கள் நிற்கும்போதே கேஸ் வைத்து அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். லூர்து கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான். தகடு என் பீரோவில், வேட்டிகளுக்கு அடியில். மனைவி ஆணிகளை மட்டும்தான் பார்த்தாள்.