முதலில் ஏறியவர் இறங்கி வர வேண்டும்

எங்கள் குடிநீர் நிலையம் குன்றின் உச்சியில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் ஏற்றம், ஏழு வளைவு. காலை ஷிப்டுக்கு அலுவலக வேன் உண்டு. வேன் இருக்கும்போது சைக்கிளில் ஏறுகிறவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் முதலில் நாலு பேர். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவருக்கு மாற்றல் வந்தது. மிச்சம் நானும் மோட்டார் அண்ணனும்தான். நான் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிறவள். அவர் பம்ப் ஆபரேட்டர்.

மோட்டார் என்ற பட்டப்பெயர் பம்பை வைத்து வந்ததல்ல. அவர் ஏறுகிற விதத்தைப் பார்த்து வந்தது. பதினாறு வயதில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தபோது, இதே குன்றில் மூன்றாம் வளைவு வரை இரும்பு சைக்கிளில் பெட்டி பெட்டியாக ரொட்டி ஏற்றியவர். பிறகு இங்கே குழாய் பதிக்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக பம்ப் அறைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதில் முதல்முறையாக வளைந்த ஹாண்டில் வைத்த, கையில் தூக்கினால் தூக்கியதே தெரியாத ரோட் பைக் வாங்கினார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். எடை கூடுகிறது என்று மணியைக் கழற்றினார், மட்கார்டைக் கழற்றினார், இருந்த சீட்டை எடுத்துவிட்டுப் பலகை மாதிரி ஒன்றை மாட்டினார். அண்ணி, அதாவது அவர் மனைவி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வயித்துல இருக்கறதைக் கழட்ட முடியாதா?" என்று கேட்டாராம். இத்தனை செய்தவர் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டுதான் ஏறுவார். ஊருக்கே தண்ணீர் அனுப்புகிற இடத்துக்குத் தண்ணீர் சுமக்கிற ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு சைக்கிள் வாங்கியபோதும் கூடவே வந்தார். உயரம் அளந்து, சீட்டை ஏற்றி இறக்கி, உள்ளே பஞ்சு வைத்த கால்சட்டை வாங்கச் சொல்லி, ஒரு தகப்பன் மாதிரி பார்த்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை. பின் சக்கரத்தில் முப்பத்து நாலு பல் உள்ள பெரிய கியர் வேண்டும் என்றேன். ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும். அவருடையது இருபத்தெட்டு. என்னுடையதற்கு அவர் வைத்த பெயர் தாத்தா கியர்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு விதி போட்டிருந்தார். முதலில் உச்சிக்குப் போனவர் திரும்ப இறங்கி வந்து, கடைசியாக வருகிறவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் ஆள் எப்போதும் அவர், கடைசி ஆள் எப்போதும் நான். பதினோரு வருடம், ஐந்தாம் வளைவில் நாக்குத் தள்ளிக்கொண்டு நான் ஏறும்போது மேலேயிருந்து சர்ரென்று இறங்கி வருவார். என் பக்கத்தில் திரும்பிக்கொண்டு, மூச்சே வாங்காமல், முந்தின நாள் எந்த வால்வு ஒழுகியது என்று கதை சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். அவர் அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

போன வருடம் அவர் சுணங்கினார். ஐம்பத்து நாலு வயது, முழங்காலில் பழைய அடி. அவரோ சைக்கிளைத்தான் சந்தேகப்பட்டார். டயரை மாற்றினார். செயினைக் கழுவி மெழுகு போட்டார். பெடல் அச்சு இறுகிவிட்டது என்று மெக்கானிக்கிடம் கொடுத்தார். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அப்படியே மாட்டிக் கொடுத்தான். அவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று இரண்டு வாரம் திட்டினார். பெரிய கியர் போடலாமே என்று நான் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

அந்த மாதத்தில்தான் அண்ணி எனக்கு போன் செய்தார். என்னைக் கூட்டிவர ஒருத்தர் இறங்கி வருகிற அன்றைக்கு சைக்கிளை ஆணியில் மாட்டிவிட்டு வேனில் ஏறிவிடுவேன் என்று அண்ணன் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "அதை விட்டா மனுஷன் படுத்துடுவாரும்மா. நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்றார்.

நானும் பார்த்துக்கொண்டேன். ஐந்து மாதம் அவருக்குப் பின்னால், அவரைவிட மெதுவாக ஏறினேன். செயின் கழன்ற மாதிரி நின்றேன். ஷூ கயிறு கட்டினேன். என் ஷூவில் கயிறே கிடையாது, ஒட்டுப்பட்டைதான். வேகமாக ஏறினால் நுரையீரல்தான் வலிக்கும். வேண்டுமென்றே மெதுவாக ஏறினால் உடம்பு முழுக்க வலிக்கிறது. வேலைக்குப் போய்ச் சேரும்போதே அன்றைய நாள் முடிந்துவிட்டது போல இருக்கும். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு புதன்கிழமை, முந்தின நாள் பெரிய குழாய் உடைந்ததைச் சரிசெய்திருந்தார்கள். ஏழு மணிக்குத் தண்ணீரைச் சோதித்துச் சொன்னால்தான் ஊருக்குத் திறந்துவிடுவார்கள். அடிவாரத்திலேயே நேரமாகிவிட்டது. மூன்றாம் வளைவு வரை அவர் பின்னாலேயே போனேன். மணியைப் பார்த்தேன். அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

முதல்முறையாக உச்சியில் தனியாகப் போய் நின்றேன். கேட்டில் யாரும் இல்லை. ஷெட்டில் ஒரு சைக்கிளும் இல்லை. சோதனைக் குழாயில் மாத்திரையைப் போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பானது. குளோரின் சரியான அளவில் இருந்தது. திறக்கலாம் என்று போனில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் வரவில்லை. இறங்கிப் போனால் சைக்கிளை விட்டுவிடுவார். போகாவிட்டால், அங்கே விழுந்து கிடந்தால்? உடுப்பைக்கூட மாற்றாமல் இறங்கினேன்.

ஐந்தாம் வளைவில் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் நின்றதும் நிமிராமலே, "பிரேக் உரசுது" என்றார்.

நான் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அது சுற்றியது. ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு நேரமா ஒரு சக்கரம் சுற்றும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்ப வேன்தான்" என்றார்.

அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "பதினோரு வருஷமா நீங்க இறங்கி வரும்போதெல்லாம், இன்னைக்காவது இந்த மனுஷன் வராம இருக்கக் கூடாதான்னு நெனச்சிருக்கேன் அண்ணே. நான் வேன்ல ஏறலையே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லியிருக்கலாமே."

"பரிதாபப்பட்டு வர்றவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"பரிதாபமா?" என்றார். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "மேல போனா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. கேட்டும் ஷெட்டும்தான். அங்க நின்னுகிட்டு நான் என்ன செய்யறது? அதான் இறங்கி வந்தேன்."

பத்து நிமிடத்துக்கு முன்னால் நானும் அந்தக் கேட்டில் நின்றவள்தானே.

அன்றைக்கு இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து ஏறினோம். ஆறாம் வளைவில் வேன் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலெல்லாம் தலை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். நான் கையைக் காட்டினேன்.

மறுநாள் அடிவாரத்தில் அவர் சைக்கிளோடு நின்றிருந்தார். இருபத்தெட்டு பல்தான். இன்றுவரை மாற்றவில்லை, கேட்டால் பார்க்கலாம் என்கிறார். தினமும் நான்தான் முதலில் ஏறுகிறேன். பையை ஷெட்டில் வைத்துவிட்டு, களைப்போடு களைப்பாக ஐந்தாம் வளைவுக்கு இறங்குகிறேன். அவர் பக்கத்தில் திரும்பிக்கொண்டு, எந்தச் சோதனைக் குழாய் உடைந்தது என்று கதை சொல்கிறேன். என்னைப் பார்த்ததும் அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார். அது களைப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கும் இறங்கிப் போவேன்.