கடைசியாக இறங்கும் முறை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிள்ளானில் முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில் நிதி அதிகாரியாகச் சேர்ந்த புதிது. எங்கேயும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடத் துடிப்பவள் நான். மாலையில் ஐந்து பேரை வீட்டில் விடும் வேனுக்கும் குறுக்கு வழி போட்டுக் கொடுத்திருந்தேன். கிள்ளானில் ஆரம்பித்து சுபாங் ஜெயாவில் முடித்துவிட்டு, டிரைவர் கம்போங் மேடானில் தன் வீட்டுவாசலில் வேனை நிறுத்த வேண்டும். ஆனால் கிலோமீட்டரோ தினம் ஒரு தினுசு. வியாழக்கிழமை ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஆள் வேனை வெளியே ஓட்டிச் சம்பாதிக்கிறார் என்று முடிவுகட்டினேன். பணிநீக்கக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வேனில் ஏறினேன்.

மையத்தின் பின்தெருவிலேயே, ரயில்வேயில் ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவரின் வீடு; என் கணக்கில் அதுதான் முதல் நிறுத்தம். வேன் அதைத் தாண்டிப் போனது.

"அண்ணே, அங்கிள் வீடு போயிடுச்சே!"

"இன்னிக்கு வியாழன் லா, மேடம். அங்கிள்தான் லாஸ்ட்டு," என்றார் டிரைவர்.

பின்சீட்டு ஆன்டி சிரித்தார். "வீட்டுக்குப் போனா செவுத்தத்தான் பாக்கணும். யாரு மொதல்ல எறங்குறதுன்னு தெனம் சண்ட. டிரைவர் தம்பிதான் ஆளுக்கொரு நாள் கடைசியா எறங்கலாம்னு டெர்ன் வச்சாரு. இன்னிக்கு அங்கிள் சுபாங் வரைக்கும் வந்துட்டுத் திரும்புவாரு, ராஜா மாதிரி!"

"ஸ்டேஷன்ல நின்னு ஊரையே அனுப்பி வச்சேன். இப்பதாம்மா நான் போறேன்," என்றார் அங்கிள்.

கச்சாங் பூத்தே என்ற வறுகடலைப் பொட்டலம் கைமாறியது. யாரோ பாட்டெடுக்க, நாலு பேர் நாலு சுருதியில் சேர்ந்துகொண்டார்கள். கைப்பையிலிருந்த கடிதம் மடியில் கனத்தது.

"ஒனக்கு எங்கம்மா வூடு?" அங்கிள் கேட்டார்.

"பிரிக்பீல்ட்ஸ். சுபாங்கையும் தாண்டிப் போகணும்."

"வூட்ல யாரு?"

"யாருமில்ல, அங்கிள். நான் மட்டுந்தான்."

அங்கிள் டிரைவர் பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டியத் திருப்பு. இன்னிக்கு என் டெர்ன் இந்தப் புள்ளைக்கு."

நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. முதல் ஆளாக இறங்கி, தோளிலிருந்த பச்சைத் துண்டைக் கொடிபோல ஆட்டி எங்களை அனுப்பிவைத்தார். வேனே கைதட்டியது.

ஒவ்வொருவராக இறங்க இறங்கப் பாட்டு மெலிந்தது. சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் நானும் டிரைவரும்தான்.

"மேடம், மைலேஜ் கூடிப்போச்சு, தெரியும். என் சம்பளத்துல வெட்டிக்குங்க. அவங்க டெர்ன மட்டும் நிறுத்திடாதீங்க."

வீட்டில் நுழைந்ததும் முதல் வேலையாகக் கடிதத்தைக் கிழித்தேன். அப்படியொன்று இருந்ததே டிரைவருக்குத் தெரியாது. மையத்தின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அந்த அதிகப்படி கிலோமீட்டர்களைப் போக்குவரத்துச் செலவிலிருந்து எடுத்து, 'மனமகிழ் நடவடிக்கை' என்ற தலைப்பில் போட்டேன். செயலவையினர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

வாரத்துக்கு ஒன்றே ஒன்றாக இருந்த தன் வியாழக்கிழமையை, அதை நிறுத்த வந்தவளிடமே கொடுத்துவிட்டு அங்கிள் ஆட்டிய அந்தப் பச்சைத் துண்டு, வீட்டுக்குத் தனியாகத் திரும்பும் என் மாலைகளில் இன்னும் அசைந்துகொண்டே இருக்கிறது.