பல்வலிக்காரரின் நாலாவது டிரிப்

டிப்போவில் அவரை எல்லோரும் டைலர் என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டை தைக்கிற டைலர் இல்லை. பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவர். கிழிந்த ரெக்சினை உரித்து, அமுங்கிப்போன ஃபோமைப் பிடுங்கி எறிந்து, புதுசு வெட்டி வைத்து, மேலே இழுத்துப் பிடித்துத் தைப்பார். "இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேரு என் கைவேலை மேலதான் குந்தியிருக்கான், ஒருத்தனாவது திரும்பிப் பாத்து நன்றி சொல்றானா" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பல வருடமாக அதே நகைச்சுவை. மகள் மட்டும் ஒருமுறைகூடச் சிரித்துக் கொடுக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருப்பதைப் பார்க்கத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகளுக்கு ஒரு ரசாயன ஆலையில் அளவைக் கருவிகளைச் சோதிக்கும் வேலை. கருவி காட்டுகிற எண் நிஜமா, கருவி பொய் சொல்கிறதா என்று பார்ப்பது. தவறாகக் காட்டினால் திருத்தலாம். திருத்த முடியாவிட்டால் மாற்றலாம். அவளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

டைலருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் துப்பறியும் நாவல். அதிலும் ஒரே ஒரு தொடர். அதன் நாயகருக்கு முன்னால் உட்கார்ந்து யாராவது பொய் சொன்னால் அவருக்குக் கடைவாய்ப் பல் வலிக்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். டிப்போவில் அந்த நாயகருக்குப் பல்வலிக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

தொடரில் புதிய புத்தகம் வந்ததும் நான்கு பேர் சேர்ந்து ஒரே பிரதி வாங்குவார்கள். டைலர், டயர் பிரிவில் இருந்த பெரிசு, கேன்டீன் அக்கா, பெயிண்டர். ஆளுக்கொன்று வாங்க வசதி இல்லாமல் இல்லை. "தனித்தனியா வாங்கினா தனித்தனியாத்தானே படிக்கணும்" என்பார் கேன்டீன் அக்கா. டைலர் புத்தகத்தை முதுகோடு கத்தி வைத்து நான்காக அறுப்பார். ஒவ்வொரு பகுதியையும் மெழுகு நூலால் தைத்து, மிச்சம் கிடந்த ரெக்சினில் அட்டை போடுவார். முதல் டிரிப், இரண்டாம் டிரிப் என்று பகுதிகளுக்குப் பெயர். ஒருவர் முடித்ததை அடுத்தவர் வாங்கிக்கொள்ள, ஒரே நேரத்தில் புத்தகம் டிப்போவின் மூன்று மூலைகளில் ஓடிக்கொண்டிருக்கும். தைத்தவர் கடைசியில்தான் படிக்க வேண்டும். அது டைலரே போட்ட சட்டம்.

முன்னால் போனவர் பின்னால் வருபவரிடம் கொலைகாரன் யார் என்று சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இந்தச் சட்டத்தால் கேன்டீனுக்கு நல்ல வியாபாரம். ஏனென்றால் பெயிண்டர் ஒரு ஓட்டவாய். "நான் ஒண்ணும் சொல்லலை அண்ணே, அந்தத் தோட்டக்காரனை மட்டும் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க" என்பார். முடிந்தது கதை.

இருபத்துமூன்றாவது புத்தகம் வந்தபோது டைலர் வீட்டில் இருந்தார். மூக்கில் குழாய். கட்டிலருகே ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. இனி இளகாது என்று மருத்துவர் மகளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவியின் எண் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் இறங்கியது. மகள் அதைச் சோதித்துப் பார்த்தாள். இன்னொரு கருவி வாங்கி ஒப்பிட்டாள். தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். கருவி சரியாகத்தான் காட்டியது.

புத்தகத்தைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே அறுத்துத் தைத்தார். கை நடுங்கியதில் தையல் கோணிப்போனது. "குடிச்சிட்டு வண்டி ஓட்டின மாதிரி போயிருக்கு பாரு" என்றார். அம்மா இல்லாத அந்த வீட்டில் அம்மாவுக்கும் சேர்த்துத் தானே சிரித்துவைக்க வேண்டும் என்று மகள் நினைத்தாள். முடியவில்லை.

மூன்று டிரிப்பும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் பார்க்க வரும்போது கொண்டுவந்தார்கள். நான்காவது வரவில்லை.

"எங்கடா அது?" என்றார் டைலர்.

"இருக்கு, இருக்கு. எங்க போயிடப் போகுது" என்றார் பெரிசு.

"எல்லாரும் படிச்சாச்சா?"

"படிச்சாச்சு."

"எப்படி?"

பெரிசு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சும்மா சொல்லக் கூடாது டைலரு. இதுவரைக்கும் வந்ததுல இதான் உச்சம்."

"உச்சமும் இல்லை, மிச்சமும் இல்லை" என்றார் கேன்டீன் அக்கா. "எழுதினவன் கையில கிடைச்சான்னா கரண்டியால மொத்துவேன். படிக்காதீங்கண்ணே. அத்தனையும் வீண்."

"உனக்குக் கதை முடிவுல கல்யாணம் நடக்கணும்" என்றார் பெரிசு. "அது நடக்கலைன்னா வீண்."

"உமக்கு மட்டும் என்ன தெரியும்? டயருக்குக் காத்து இருக்கா இல்லையான்னு தெரியும்."

காத்து என்றதும் அக்காவே நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் மிஷினைப் பார்க்கவில்லை.

டைலர் பெயிண்டர் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்றே?"

"நானா? நல்லா இருக்கு அண்ணே. அப்படி ஒண்ணும் பெரிசா இல்லை. ஆனா நல்லா இருக்கு." அதற்குமேல் அவர் வாயே திறக்கவில்லை.

அவர்கள் கிளம்பும்போது மகள் வாசல்வரை போனாள். பெயிண்டர் செருப்பை மாட்டாமல் நின்றார். பைக்குள்ளிருந்து நான்காவது டிரிப்பை எடுத்தார்.

"பல்வலிக்காரர் செத்துப்போயிடறாரும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "சுட்டுக் கொன்னிருந்தாக்கூடப் பரவாயில்லை. நுரையீரல் போயி, கட்டில்ல, பக்கத்துல இதே மாதிரி மிஷினு. அதுக்கப்புறம்தான் அவரோட உதவியாளர் கொலைகாரனைப் பிடிக்கிறாரு."

"கொடுக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன்" என்றார் அக்கா.

"கொடுக்கணும்னு நான் சொன்னேன்" என்றார் பெரிசு. "அவன் புத்தகம். அவன் படிக்கட்டும். நம்ம யாரு ஒளிச்சு வைக்க?"

"நீயே பாத்துக்கோ பாப்பா" என்று பெயிண்டர் அதை அவள் கையில் வைத்தார். ஏதோ சூடான பாத்திரத்தைக் கைமாற்றிவிட்ட மாதிரி மூன்று பேரும் வேகமாக நடந்தார்கள்.

மகள் அதைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தாள். பிறகு போனில் மற்ற வாசகர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினாள். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தார்கள். பாதிப் பேர் கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள். கதாநாயகனைக் கொல்ல ஆசிரியருக்கு என்ன உரிமை என்று ஒருவர். இப்போதுதான் இந்தத் தொடர் இலக்கியமானது என்று இன்னொருவர். அச்சுப் பிழை அதிகம், தாள் மட்டம் என்று ஒருவர். மனம் பலவீனமானவர்கள் தவிர்க்கவும் என்று ஒருவர். அதன் கீழே, அப்படியானால் பலமானவர்கள் யாரையா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

ஆலையில் இரண்டு கருவிகள் இரண்டு எண் காட்டினால் மூன்றாவதாக ஒரு தரமான கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இங்கே அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் டிரிப்பை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். மறுநாள் எடுத்தாள். மறுபடி வைத்தாள். நாள் போனது. எண் இறங்கியது.

ஒரு மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது டைலர் கரண்டியைக் கையால் தடுத்தார்.

"பல்வலிக்காரன் செத்துட்டான், இல்லையா?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அதான் சங்கதி. ஒருத்தன் உச்சம்கிறான். ஒருத்தி வீணுங்கிறா. சரி, அது எப்பவும் உள்ளதுதான். ஓட்டவாய் வாயைத் திறக்கலையே. அவன் வாயை மூடணும்னா உள்ளே பெரிய தலை ஏதாவது உருண்டிருக்கணும்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்டதான் இருக்கு?"

"இருக்கு."

"எப்படிச் செத்தான்?"

"அப்பா."

"சரி, சொல்லாதே. படி."

எழுத்து அவருக்கு மங்கலாகத் தெரிந்தது. புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கவும் கையில் தெம்பு இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படித்தாள். அவளுக்கு ஏற்ற இறக்கத்தோடு படிக்க வராது. இயக்கக் கையேட்டைப் படிக்கிற மாதிரிதான் படித்தாள். மதியம் போய் வெயில் சாய்கிறவரை படித்தாள். இடையிடையே அவர் கையைத் தூக்குவார், நிறுத்துவாள். தொடர் என்று விரலை அசைப்பார், தொடர்வாள். பல்வலிக்காரர் கட்டிலில் படுத்தார். மிஷின் வந்தது. உதவியாளரைக் கூப்பிட்டு, வழக்கில் தான் செய்த பிழைகளையெல்லாம் சொல்லி, வாழ்க்கையைப் பற்றி நீளமாகப் பேசி, கண்ணை மூடினார்.

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வரியிலேயே கண்ணை வைத்திருந்தாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கப் பொழுதாயிற்று. அவள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தெரிந்தது.

"ரெண்டு பக்கம் பேசறான்" என்றார் கடைசியில். "மூச்சு விடாம. அவ்வளவு காத்து... எங்கிருந்துடா உனக்கு? எழுதினவனைக் கூட்டிட்டு வா. ஒரு நாள்... இந்தக் குழாயை மாட்டி விடறேன்."

இந்த முறை அவள் சிரித்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"எவ்வளவு இருக்கு இன்னும்?"

"ஒரு அத்தியாயம். சின்னதுதான்."

"கொலைகாரன்?"

"அதுலதான்."

அவர் தலையணையில் சாய்ந்தார். "மீதி நாளைக்கு."

அவள் கையில் பக்கம் விரிந்திருந்தது. விரல் கருவியில் எண் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு தாழ்ந்த ஓர் எண்ணை அவள் அதுவரை அவர் விரலில் பார்த்ததில்லை. இப்பவே முடிச்சிடலாம்ப்பா என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். கேட்காமலேகூடத் தெரிந்துகொள்வார், ஒருவருடைய மௌனத்தை வைத்தே கண்டுபிடித்தவர். பெயரை மட்டுமாவது சொல்லிவிடலாம், ஒற்றைச் சொல்தான். அதுவும், நாளை இல்லை என்கிற அதே செய்திதான்.

"தூக்கம் வருதா?"

"ம். நீ படிச்சிட்டேல்ல? சொல்லிடாதே."

"சொல்லலை."

"நாளைக்கு."

"சரிப்பா" என்றாள்.

காலையில் அவர் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் இன்னும் பெரிய மிஷின் இருந்தது, அதன் எண்களும் சரியாகத்தான் இருந்தன. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

எல்லோரும் வந்து போன பிறகு மூன்று பேர் மட்டும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரிசுதான் மெல்ல ஆரம்பித்தார்.

"படிச்சானாம்மா?"

"படிச்சுக் காட்டினேன். முடிக்கலை. கடைசி அத்தியாயம் பாக்கி."

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சொன்னான்? நல்லா இருக்குன்னானா?" என்று கேட்டார் பெரிசு.

அப்பா சிரித்ததை அவள் சொன்னாள். ரெண்டு பக்கம் மூச்சு விடாமல் பேசுகிறான் என்று சொன்னதையும், எழுதினவனுக்குக் குழாய் மாட்ட வேண்டும் என்றதையும். மீதி நாளைக்கு என்று சொன்னதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசகியது. சரிசெய்துகொண்டாள்.

"பாத்தியா" என்றார் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "அண்ணனுக்கும் பிடிக்கலை. நான் அப்பவே சொன்னேன். அத்தனையும் பொய்யின்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"பிடிக்காத புத்தகத்தை எவனாவது நாளைக்கு வச்சுக்குவானா?" என்றார் பெரிசு.

"அசதியில சொல்லியிருப்பாரு."

"அசதியா? அவன் மிச்சம் வச்சிருக்கான். பிடிச்சதாலதான் மிச்சம் வச்சான்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். கூட இருந்தவள் அவள்தான். அவள் சொன்னால் அதுதான் முடிவு. அவர் முகத்தை மறுபடி ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். சிரித்த முகம், சாய்ந்த முகம். இரண்டு பேர் சொல்வதும் அதில் இருந்தது.

"தெரியலை அத்தை" என்றாள் அக்காவிடம். "கேக்கலை."